'பெண்' என்ற சொல் பிரிட்டனில் பட்ட பாடு

'பெண்' என்றால் யார் என்று பிரிட்டனில் எழுந்த விவகாரத்துக்கு எந்தக் கட்சி பிள்ளையார் சுழி போட்டது என்று கேட்டால், பலரும் தொழிலாளர் கட்சியைத்தான் கைகாட்டுவார்கள். உண்மையில் தொடங்கியது கன்சர்வேட்டிவ் கட்சியில். 2016 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பெண்கள் - சமத்துவக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. குழுவின் தலைவர் மரியா மில்லர், கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் அமைச்சர். ஒருவர் தன் பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள மருத்துவரின் சான்று தேவையில்லை, அவர் தன்னைப் பற்றி அறிவிப்பதே போதும் என்ற திசையில் சட்டத்தைத் திருத்தச் சொன்னது அந்த அறிக்கை. அடுத்த ஆண்டு அமைச்சர் ஜஸ்டின் கிரீனிங் சட்டத் திருத்தத்துக்கு மக்கள் கருத்து கேட்கப்படும் என்றார். 2017 அக்டோபரில் ஒரு விருது விழாவில் பேசிய பிரதமர் தெரசா மே, திருநராக இருப்பது நோயல்ல, அதை நோயாக நடத்தவும் கூடாது என்றார்.

சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் மான்செஸ்டரில் அதே கட்சியின் மாநாடு நடந்தது. ஆண் ஆண்தான், பெண் பெண்தான், இது சாதாரணப் பொது அறிவு என்றார் பிரதமர் ரிஷி சுனக். கைதட்டல் எழுந்தது.

மனம் மாறுவது தவறில்லை. ஆறு ஆண்டுகளில் புதிய அனுபவம் கிடைத்திருக்கலாம், பழைய கணிப்பு பிழையென்று தெரிந்திருக்கலாம். ஆனால், 'அன்று இப்படி நினைத்தோம், இன்ன காரணத்தால் இன்று வேறாக நினைக்கிறோம்' என்று தன்னை நம்பியவர்களிடம் நேராகச் சொல்ல வேண்டிய கடமை ஒரு கட்சிக்கு உண்டு. 2018-ல் நடந்த ஆலோசனையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் கருத்தை எழுதி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு 2020 செப்டம்பரில் அமைச்சர் லிஸ் டிரஸ் எழுத்துபூர்வமாக ஓர் அறிக்கை கொடுத்தார். இருக்கிற சட்டமே சமநிலையோடு இருக்கிறது, சுய அறிவிப்பு கிடையாது, விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் குறைக்கிறோம் என்றார். 140 பவுண்டு 5 பவுண்டானது. அவ்வளவுதான்.

கட்டணம் எதற்கு என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கிறிஸ்டீன் குட்வின் என்ற திருநங்கை, பிரிட்டனுக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். அந்நாளில் அங்கே அரசு ஓய்வூதிய வயது பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65. பெண்ணாகவே வாழ்ந்துவந்த அவரைச் சட்டம் ஆணாகவே எண்ணியதால், 65 வயதுவரை காப்பீட்டுச் சந்தா கட்ட வேண்டிய நிலை. வேலை தருபவருக்குப் பழைய அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் வேறு. 2002 ஜூலையில் அவர் வென்றார். அதன் விளைவுதான் டோனி பிளேர் அரசு கொண்டுவந்த 2004-ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகள் அந்தப் பாலினத்தில் வாழ்ந்ததற்கு ஆவணம் வேண்டும், மருத்துவ அறிக்கைகள் வேண்டும், சாகும்வரை இப்படியே வாழ்வேன் என்ற உறுதிமொழி வேண்டும். எல்லாவற்றையும் கட்டி அனுப்பினால், விண்ணப்பித்தவரின் முகத்தையே பார்க்காத ஒரு குழு காகிதங்களை வைத்து முடிவு சொல்லும். பாலின மருத்துவ மையங்களில் முதல் சந்திப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாட்டில் இது லேசான வேலை இல்லை. இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் இந்தச் சான்றிதழ் பெற்றவர்கள் 8,464 பேர்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2010-ல், அதே தொழிலாளர் கட்சி அரசு சமத்துவச் சட்டத்தை எழுதியது. பாகுபாடு கூடாது என்று அது பட்டியலிட்ட ஒன்பது பண்புகளில் 'பால்' ஒன்று, 'பாலின மாற்றம்' தனியாக மற்றொன்று. பெண்களுக்கு மட்டுமான காப்பகம், மருத்துவமனை வார்டு, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றுக்கு நியாயமான காரணம் இருந்தால் விதிவிலக்கும் உண்டு. ஆனால், சான்றிதழ் பெற்ற திருநங்கை அந்த விதிவிலக்குக்கு உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா? அதைத் தெளிவாக எழுதாமல் விட்டார்கள். சட்டம் இரண்டு, எழுதிய கை ஒன்று, நடுவில் விட்ட ஓட்டையும் அதே கையுடையது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உடலால் அமைந்ததையும், ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதையும் நம் பத்திரிகைகள் 'பாலினம்' என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கின்றன. இக்கட்டுரையில் முன்னதை உடற்பால் என்றும் பின்னதைப் பாலினம் என்றும் பிரித்து எழுதுகிறேன். நம் இலக்கணக்காரர்கள் இந்தச் சிக்கலைக் கண்டு ஒதுங்கவில்லை. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலில் வைக்கிறது நன்னூல். விரும்பியதன்படி விகுதி. அது 'வந்தாள்' என்பதா 'வந்தான்' என்பதா என்ற கேள்விக்கு மரியாதையான விடை. சிறையில் எந்த அறை, பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் யார் என்ற கேள்விகளுக்கு விகுதி போதாது. அங்கே சட்டம்தான் வாய் திறக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் ஒரு முறை அப்படித் திறந்தது. 2020 டிசம்பரில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் தடயவியல் மருத்துவப் பரிசோதனை குறித்த மசோதா அங்குள்ள நாடாளுமன்றத்துக்கு வந்தது. பரிசோதிப்பவரின் 'பாலினத்தை'த் தேர்ந்தெடுக்கலாம் என்று இருந்த இடத்தில் 'உடற்பால்' என்று போட வேண்டும் என ஜோஹன் லாமன்ட் திருத்தம் கொண்டுவந்தார். அவர் ஸ்காட்டிஷ் தொழிலாளர் கட்சியின் முன்னாள் தலைவர். ஒரே ஒரு சொல்தான் மாற்றம். ஆதரவு 113, எதிர்ப்பு 9. எதிர்த்து வாக்களித்த பசுமைக் கட்சியின் ஆண்டி வைட்மன், அடுத்த வாரமே கட்சியை விட்டு வெளியேறினார். மனசாட்சிப்படி வாக்களித்தால் நடவடிக்கை வரும் என்ற நிலையில் தன்னால் தொடர முடியாது என்பது அவர் சொன்ன காரணம். கேள்வி சின்னதாக, இடம் குறிப்பாக இருந்தபோது கட்சி எல்லைகளைத் தாண்டி 113 பேரால் ஒன்றுசேர முடிந்திருக்கிறது. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

ஏனென்றால், இரண்டே ஆண்டில் அதே அவையில் நடந்தது வேறு. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 2016-லேயே சட்டத்தைத் திருத்துவோம் என்று வாக்குறுதி கொடுத்திருந்தது. 2021-ல் பசுமைக் கட்சியோடு ஆட்சி ஒப்பந்தம் செய்துகொண்டபின் அதிலிருந்து பின்வாங்க வழியும் இல்லை. நிக்கோலா ஸ்டர்ஜனின் அரசு கொண்டுவந்த மசோதா, மருத்துவச் சான்றை நீக்கியது, வயதை 16 ஆக்கியது, இரண்டு ஆண்டு வாழ்க்கையை மூன்று மாதமாகக் குறைத்தது. எதிர்ப்புத் தெரிவித்து ஆஷ் ரீகன் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஐ.நா.வின் இரண்டு நிபுணர்கள் எதிரெதிர்த் திசையில் கருத்துச் சொன்னார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் கவலை தெரிவித்தார். பாலின அடையாளம் குறித்த நிபுணர் விக்டர் மாட்ரிகல் போர்லோஸ் ஆதரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் நள்ளிரவைத் தாண்டியும் திருத்தங்கள் மீது வாக்கெடுப்பு நடந்தது. அவற்றில் ஒன்றை ஆளும் கட்சியின் மிஷெல் தாம்சன் கொண்டுவந்தார். பதினான்கு வயதில் தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதைச் சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னவர் அவர். பாலியல் குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் ஒருவரின் விண்ணப்பத்தை, வழக்கு முடியும்வரை நிறுத்தி வையுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. யாருடைய உரிமையையும் அது பறிக்கவில்லை. வழக்கு முடியட்டும் என்றது. அந்தத் திருத்தம் சில வாக்குகளில் தோற்றது. வேறு சில காப்புகள் சேர்க்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் 22 அன்று மசோதா 86-க்கு 39 என்று நிறைவேறியது. ஆளும் கட்சியில் 9 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். தொழிலாளர் கட்சியினரில் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து 'வெட்கம்' என்று குரல் எழுந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜனவரி 17 அன்று லண்டன் அரசு, 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத 35-ஆவது பிரிவைக் கையில் எடுத்து மசோதாவை முடக்கியது. அதற்கடுத்த வாரம், இரண்டு பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்ட செய்தி வந்தது. குற்றங்களின்போது ஆணாக இருந்தவர், கைதானபின் தன்னைப் பெண் என்று அறிவித்தவர். நியாயமாகச் சொன்னால், அந்த முடிவுக்கும் புதிய மசோதாவுக்கும் தொடர்பில்லை. மசோதா அமலுக்கே வரவில்லை, சிறைத் துறையின் பழைய நடைமுறைப்படி நடந்தது அது. ஆனால், அந்தக் கைதி 'அவனா அவளா' என்று நிருபர்கள் கேட்டபோது முதலமைச்சர் ஸ்டர்ஜனால் நேராக விடை சொல்ல முடியவில்லை. மிஷெல் தாம்சனின் திருத்தத்தை நிதானமாக விவாதித்திருந்தால், சொல்ல ஏதாவது இருந்திருக்கும். கைதி ஆண்கள் சிறைக்கு மாற்றப்பட்டார். பிப்ரவரி 15 அன்று ஸ்டர்ஜன் பதவி விலகுவதாக அறிவித்தார். இதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்த ஹம்சா யூசுஃப் முடக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார், 2023 டிசம்பரில் தோற்றார், மேல்முறையீட்டைக் கைவிட்டார்.

மசோதாவுக்கு வாக்களித்த ஸ்காட்டிஷ் தொழிலாளர் கட்சியின் தலைவர் அனஸ் சர்வார், இன்று தெரிவது அன்று தெரிந்திருந்தால் ஆதரித்திருக்க மாட்டேன் என்று 2025 பிப்ரவரியில் சொன்னார். என்ன தெரியாமல் போனது? பெண்கள் அமைப்புகள் அவரிடம் சொல்லாத ஒன்றுமில்லை. நாடாளுமன்றத்தின் படியிலேயே நின்று சொன்னார்கள்.

லண்டனில் தொழிலாளர் கட்சியின் பாதை இன்னும் வளைந்தது. 2019 தேர்தல் அறிக்கையில் சுய அறிவிப்பைக் கொண்டுவருவோம் என்று ஒரு வாக்குறுதி. பெண்களுக்கு மட்டுமான இடங்களுக்குச் சமத்துவச் சட்டம் தரும் விதிவிலக்குகள் நடைமுறையில் இருப்பதை உறுதிசெய்வோம் என்று இன்னொரு வாக்குறுதி. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன செய்வோம் என்று ஒரு வரிகூட இல்லை. 2021-ல் கியர் ஸ்டார்மர் சுய அறிவிப்புக்கு உறுதி கூறினார். அதே ஆண்டு, கருப்பை வாய் பெண்களுக்கு மட்டுமே உண்டு என்று சொன்ன தன் கட்சி உறுப்பினர் ரோஸி டஃபீல்டின் பேச்சு சரியல்ல என்றார். மிரட்டல்களால் டஃபீல்டு அந்த ஆண்டு கட்சி மாநாட்டுக்கே வரவில்லை. 2022-ல் திருநங்கைகள் பெண்கள்தான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்றார் ஸ்டார்மர். 2023 ஜூலையில் கட்சியின் கொள்கைக் கூட்டத்தில் சுய அறிவிப்பு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. 2024 ஏப்ரலில், டஃபீல்டு சொன்னது உயிரியல் படி சரிதான் என்று தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் டஃபீல்டு வேறு காரணங்களைச் சொல்லிக் கட்சியை விட்டே போய்விட்டார்.

காற்று எப்படி மாறியது என்று பார்த்தால் இந்த வளைவுகளுக்குப் பொருள் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழில் உடற்பால் பதிவை மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாம் என்றவர்கள், பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் 2019-ல் 53 சதவீதம். 2022-ல் 30 சதவீதம். மக்கள் கருத்தைக் கேட்டு நடப்பது ஜனநாயகம்தான். ஆனால், கருத்து சாய்ந்த பக்கம் தானும் சாய்ந்துவிட்டு, நான் எப்போதும் இங்கேதான் நின்றேன் என்று சொல்வது தலைமை ஆகாது.

கன்சர்வேட்டிவ் கட்சியினர் இந்தத் தடுமாற்றத்தை அரசியல் கம்பாக எடுத்துக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில், பெண் என்றால் யார் என்று ஸ்டார்மருக்குத் தெரியவில்லை என்று சுனக் கேலி செய்தார். கொலையுண்ட 16 வயதுத் திருநர் சிறுமியின் தாய் அன்று நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தார். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் ஆட்சியில் இருந்த கட்சி, சமத்துவச் சட்டத்தில் 'பால்' என்றால் உடற்பால் என்று ஒரு வரி சேர்க்க நினைத்திருந்தால் எந்த நாளும் சேர்த்திருக்கலாம். அதை அவர்கள் 2024 தேர்தல் அறிக்கையில்தான் வாக்குறுதியாக வைத்தார்கள், தோற்று வெளியேறும் வேளையில்.

ஆக, கட்சிகள் எழுதாத வரியை நீதிபதிகள் எழுதினார்கள். பொது நிறுவன வாரியங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்ற 2018-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டத்தில், 'பெண்' என்பதில் திருநங்கைகளும் அடங்குவார்கள் என்று இருந்தது. அதையொட்டி 'ஃபார் விமன் ஸ்காட்லாந்து' என்ற பெண்கள் அமைப்பு தொடுத்த வழக்கு, லண்டனில் உள்ள உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 ஏப்ரல் 16 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: சமத்துவச் சட்டத்தில் 'பெண்', 'பால்' ஆகியவை உடற்பாலையே குறிக்கும், சான்றிதழ் அதை மாற்றாது. அவர்கள் தந்த காரணங்களில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. சான்றிதழ்படிதான் பெண் என்றால், சான்றிதழ் பெற்றபின் கருவுறும் திருநம்பிக்குப் பேறுகாலப் பாதுகாப்பு கிடைக்காமல் போகும். சட்டத்தின் சொல் தடுமாறினால் திருநரே கீழே விழும் இடங்களும் உண்டு. திருநருக்கு எதிரான பாகுபாடும் துன்புறுத்தலும் அன்றும் இன்றும் சட்டவிரோதம் என்று சொன்ன நீதிபதி ஹாட்ஜ், இதை ஒரு தரப்பின் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவுரையும் கூறினார்.

பிரதமர் ஸ்டார்மர் வாய் திறக்க ஆறு நாள் ஆனது. பெண் என்றால் வளர்ந்த பெண்பாலர், தீர்ப்பு தெளிவு தந்திருக்கிறது என்றார். திருநங்கைகள் பெண்கள் என்று அவர் இப்போது நம்பவில்லை என்றார் அவருடைய செய்தித் தொடர்பாளர். 2022-ல் சட்டமே சொல்கிறது என்றவர், 2025-லும் சட்டம் சொல்கிறது என்றார். சட்டம் எழுதும் அவையின் தலைமகன் அவர். அவர் என்ன நினைக்கிறார் என்பது இந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் வெளிவரவில்லை.

இந்தியாவிலும் இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொன்னது நீதிமன்றம்தான். அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்காமல், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று 2014 ஏப்ரலில் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையைத் தாண்டாமல் நின்றது. பின்னர் வந்த 2019 சட்டம், மாவட்ட நடுவரான ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கச் சொன்னது. தமிழ்நாடு 2008-லேயே நல வாரியம் அமைத்து, ரேஷன் அட்டை, வீடு என்று கையில் பிடிக்கக்கூடிய விஷயங்களிலிருந்து தொடங்கியது. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. கேள்வியை இடம் இடமாகப் பிரித்துக் கேட்கும் வரிசை அது.

பிரிட்டனுக்கும் அதுதான் வழி என்று நான் நினைக்கிறேன். ஓய்வூதியத்தில், திருமணப் பதிவில், கடவுச்சீட்டில், அலுவலக வருகைப் பதிவேட்டில் ஒரு திருநங்கையை அவர் சொல்கிறபடியே ஏற்றால் எந்தப் பெண்ணுக்கும் எதுவும் குறைவதில்லை. அதற்கு முகம் பார்க்காத குழுவும் இரண்டு ஆண்டுக் காகிதக் கட்டும் தேவையில்லை என்பது என் எண்ணம். சிறையறையில், அடி உதைக்குத் தப்பி வந்தவர்களின் காப்பகத்தில், குத்துச்சண்டை மேடையில் உடல் கணக்கில் வரும். அங்கே பெண்கள் வைக்கும் கோரிக்கையை வெறுப்பு என்று தள்ளியது பெரிய அநியாயம். அதே நேரம், ஆண்கள் சிறையில் ஒரு திருநங்கை படும் பாடும் உண்மை. அவருக்கு மூன்றாவதாக ஓர் இடம் கட்ட வேண்டும். கட்டப் பணம் வேண்டும். தீர்ப்பால் சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியும், பணம் ஒதுக்க முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை.

தீர்ப்பு வந்த அன்று உச்ச நீதிமன்ற வாசலில் வழக்குத் தொடுத்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஷாம்பெயின் திறந்தார்கள். மூன்று நாள் கழித்து, அந்த வாசலுக்கு எதிரே உள்ள நாடாளுமன்றச் சதுக்கத்தில் திருநரும் அவர்களுடைய நண்பர்களும் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டின் சிலை அங்கே இருக்கிறது. அன்று யாரோ அதன் மேல் சாயத்தால் எழுதிவிட்டுப் போனார்கள். சதுக்கத்தின் ஒரு பக்கம் உச்ச நீதிமன்றம், எதிர்ப்பக்கம் நாடாளுமன்றம். ஈஸ்டர் விடுமுறை என்பதால் அன்று அவையில் யாரும் இல்லை.